ஏழைகளுக்கு வந்த சோதனை

இலங்கையின் மாத்தளை மாவட்டத்தின் கிழக்கு விளிம்பில், மகாவலி ஆற்றையும் வஸ்கமுவ தேசிய வனத்தையும் அண்டிய விவசாயப் பிரதேசம் வில்கமுவ. காரணம் இன்னும் முழுமையாக விளங்காத சிறுநீரக நோய் அதிகம் காணப்படும் இடங்களில் இதுவும் ஒன்று. இருட்டினால் யானை இறங்கும் ஊர்களில் வாழும் ஒருவர் பிரதேச செயலகத்துக்குப் போய், வரிசையில் நின்று, படிவத்தைக் கொடுத்துவிட்டுப் பொழுது சாயுமுன் வீடு திரும்ப வேண்டுமென்றால் அன்றைய கூலி போய்விடும். "உங்கள் விவரம் கணினியில் சரியாக இல்லை" என்று திருப்பி அனுப்பினால் மறுநாள் கூலியும் போய்விடும். மென்பொருளின் தரத்தைப் பற்றிப் பேச நல்ல இடம் இந்த வரிசைதான்.

2023 ஜூலை முதல் சமுர்த்தி என்ற ஏழைகளுக்கான அரச உதவித் திட்டத்தின் இடத்தில் அஸ்வெசும என்ற புதிய திட்டம் வந்தது. வீடு வீடாகத் திரட்டிய தகவலைக் கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு வசதி, குடும்ப அமைப்பு ஆகிய 6 துறைகளின் கீழ் 22 குறிகாட்டிகளாகப் பிரித்து மதிப்பெண் இட்டார்கள். அந்த மதிப்பெண்ணை வைத்து மாதம் 15,000 ரூபாய், 8,500 ரூபாய், 5,000 ரூபாய், 2,500 ரூபாய் என நான்கு நிலைகளில் உதவி தீர்மானிக்கப்பட்டது. சிறுநீரக நோயாளர், மாற்றுத்திறனாளிகள், முதியோர் ஆகியோருக்கான கொடுப்பனவுகளும் இதே திட்டத்தின் கீழ் வந்தன.

பெயர்ப் பட்டியல் வெளியானதும் பல ஊர்களில் மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். மேன்முறையீடுகளும் ஆட்சேபனைகளும் 10 லட்சத்தை நெருங்கின. அத்தனையும் மென்பொருள் பிழை என்று சொல்ல முடியாது. குறிகாட்டி வகுத்ததில் சில, தகவல் எடுத்ததில் சில, பதிவு செய்ததில் சில என்று குறைகள் பல வாசல்களால் நுழைந்திருக்கும். ஆனால் பணம் கிடைக்காத குடும்பத்துக்கு அந்த வேறுபாடு எதற்கு? வெளியிடுமுன் அலுவலகத்துக்குள் நடந்து முடிந்திருக்க வேண்டிய சோதனையின் பெரும் பகுதியை மக்களே வீதியில் நின்று செய்தார்கள். அதற்கான செலவும் அவர்கள் கையில் இருந்துதான் போனது.

சோதனை என்றால் என்ன என்பதற்கு ஓர் அடையாள அட்டையே போதும். பழைய தேசிய அடையாள அட்டையில் 9 இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். 2016 முதல் வழங்கப்படும் அட்டையில் 12 இலக்கங்கள் மட்டுமே. பழைய எண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அந்த நாளுடன் 500 கூட்டப்படும். எந்த ஆண்டானாலும் பெப்ரவரிக்கு 29 நாள் என்றே கணக்கு. 1958 மார்ச் 1 அன்று பிறந்த ஒரு பெண்ணின் அட்டை எண் 58561 என்று தொடங்குவது இதனால்தான். இந்த வழக்கம் தெரியாத நிரலாளர் சாதாரண நாட்காட்டியை வைத்துக் கணக்குப் போட்டால் அந்தப் பெண் பிறந்த நாள் மார்ச் 2 ஆகிவிடும். படிவத்தில் எழுதிய தேதியும் கணினி சொல்லும் தேதியும் பொருந்தாது, விண்ணப்பம் நின்றுவிடும்.

எண்ணின் கடைசியில் 'வி' என்ற எழுத்து இருந்தால் வாக்குரிமை உள்ளவர், 'எக்ஸ்' இருந்தால் இல்லாதவர். 'வி'யை மட்டும் வைத்துப் பரிசோதித்தவருக்கு 'எக்ஸ்' அட்டைக்காரர் கண்ணிலேயே படமாட்டார். பெயரிலும் இதே சிக்கல். முதியன்சேலாகே என்று நீளும் கண்டிப் பரம்பரைப் பெயர் பெட்டிக்குள் அடங்க வேண்டும். தகப்பன் பெயரை முன்னெழுத்தாக மட்டும் வைத்திருக்கும் தமிழரிடம் குடும்பப் பெயரைக் கட்டாயமாகக் கேட்கக் கூடாது. நல்ல சோதனையாளர் இத்தகைய மனிதர்களை ஒவ்வொருவராகத் தேடிப் போய்ப் பட்டியலிடுகிறார். அவருடைய வேலையில் பாதி அதுதான்.

மீதிப் பாதிக்குக் கருவிகள் இருக்கின்றன. 2004இல் பிறந்த செலினியம், 2020இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட பிளேரைட் போன்றவை மனிதரைப் போலவே உலாவியில் படிவம் நிரப்பி, பொத்தானை அழுத்தி, விடையைச் சரிபார்க்கும். ஜேமீட்டர், ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் உள்ளே வந்தால் தளம் தாங்குமா என்று பார்க்கும். மென்பொருளில் ஒரு வரி மாறினாலும் பழைய சோதனைகள் அத்தனையையும் அன்றிரவே மறுபடி ஓட்டிவிடலாம். கையால் செய்தால் வாரக்கணக்காகும்.

ஆனால் எழுதி வைத்த கேள்வியை மட்டுமே கருவி கேட்கும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருள் புதுப்பிப்பு ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. விமானங்கள் நின்றன, மருத்துவமனைகள் தடுமாறின. மென்பொருளின் ஒரு பகுதி 21 தகவல்களை எதிர்பார்த்தது, இன்னொரு பகுதி 20ஐ மட்டுமே கொடுத்தது. தானியங்கிச் சோதனைகள் அதற்கு முன்பே நடந்து தேறியிருந்தன. அவற்றில் 21ஆவது இடத்தில் 'எது வந்தாலும் சரி' என்றே குறிக்கப்பட்டிருந்ததால் பிழை அகப்படவில்லை.

இலங்கைக்குத் திறமையில் குறைவில்லை. லண்டன் பங்குச் சந்தை 2009இல் மில்லேனியம்ஐடி என்ற இலங்கை நிறுவனத்தை வாங்கி, அதன் மென்பொருளுக்கு மாறத் தீர்மானித்தது. 2010 நவம்பரில், அந்த மென்பொருளில் ஏற்கனவே இயங்கிக்கொண்டிருந்த டர்குவாய்ஸ் என்ற துணைச் சந்தை தடைபட்டதும், பிரதான சந்தையின் மாற்றம் ஒத்திவைக்கப்பட்டது. 2011 பெப்ரவரியில்தான் அது நடந்தது. பங்கு வணிகர்களின் பணத்துக்காக மாதக்கணக்கில் காத்திருக்க முடிந்தது என்றால், ஒரு சிறுநீரக நோயாளியின் மாதக் கொடுப்பனவுக்காகவும் காத்திருக்கலாம்.

இப்படிச் சோதித்துப் பார்க்கப் பெரிய செலவு தேவையில்லை. மக்கள் நலத் திட்டம் எதற்கும் மென்பொருள் வெளியாகுமுன், ஒன்றுக்கொன்று மாறுபட்ட மூன்று பிரதேச செயலகங்களில் ஒரு மாத வெள்ளோட்டம் நடத்த வேண்டும்: வில்கமுவ போன்ற ஒரு விவசாயப் பிரதேசம், ஒரு தோட்டப் பிரதேசம், கொழும்பின் ஒரு நெருக்கமான பகுதி. எத்தனை பேரின் விவரம் பிழைத்தது, எத்தனை திருத்தப்பட்டது என்பதை மூன்று மொழிகளிலும் வெளியிட வேண்டும். குறிப்பிட்ட அளவுக்கு மேல் பிழை இருந்தால் திட்டம் தொடங்கும் நாள் தள்ளிப்போகும் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். மேன்முறையீட்டில் ஒருவர் வென்றால், அவருடைய விவரத்தில் பெயரையும் எண்ணையும் மாற்றி, நிரந்தரச் சோதனைப் பட்டியலில் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும். அடுத்த மென்பொருள் அந்த வரியைத் தாண்டிய பிறகே வெளியே வரட்டும். அந்த வரிகளை எழுதத் தேவையான விவரம் ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும், திருப்பி அனுப்பிய விண்ணப்பக் கோப்புகளில் ஏற்கனவே இருக்கிறது.