'மேகசின்' என்னும் கிடங்கு

கல்லூரி ஆண்டு மலரை நம் மாணவர் 'மலர்' எனச் சொல்லக் கேட்பது அரிது. 'மேகசின்' என்பதே வழக்கு. ஆங்கிலேயர் தந்த சொல் என நாம் எண்ணியிருக்கும் இதன் பிறப்பிடம் அரபு மொழியாகும்.

அரபியில் 'மக்ஸன்' என்றால் பொருள்களைச் சேமித்து வைக்கும் இடம், பன்மையில் 'மகாஸின்'. மத்தியதரைக் கடல் வணிகரோடு பயணப்பட்ட இச்சொல், இத்தாலியம், பிரெஞ்சு ஆகியவற்றின் வழியே 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தை அடைந்தது. பிரெஞ்சியரிடமும் உருசியரிடமும் இது இன்று கடையைக் குறிக்கும். ஆங்கிலேயரிடமோ படைக்கலக் கிடங்காயிற்று. 1857 மே 11 அன்று தில்லியில், கிளர்ச்சியாளர் கையில் சிக்காதிருக்க ஆங்கிலேயரே வெடிவைத்துத் தகர்த்தது இத்தகைய 'மேகசின்' ஒன்றைத்தான். துப்பாக்கியில் தோட்டாக்களை அடுக்கும் பகுதிக்கும் இதுவே பெயர்.

வெடிமருந்துக் கிடங்கு ஏடானது எங்ஙனம்? 1731இல் இலண்டனில் எட்வர்டு கேவ் என்பார் 'ஜென்டில்மன்ஸ் மேகசின்' என்னும் திங்களிதழைத் தொடங்கினார். அந்நாளைய தாள்களில் சிதறிக் கிடந்தவற்றுள் காக்கத்தக்கவற்றைத் திரட்டி வைக்கும் கிடங்கு என்னும் கருத்தில் அப்பெயரைச் சூட்டினார். 1755இல் வெளிவந்த ஜான்சனின் அகராதி, கிடங்கு என்னும் பொருளை முன்வைத்து, இதழ் என்னும் பொருள் கேவின் ஏட்டால் அண்மையில் வந்தது எனக் குறிக்கிறது. (ஜான்சனும் அவ்விதழில் எழுதிப் பிழைத்தவரே!)

நமக்கும் இச்சொல் முற்றிலும் அயலன்று. அரசுப் பணம் காக்கும் 'கஜானா' இதே அரபு வேரில் கிளைத்ததே. உடன்பிறந்த இரண்டனுள் ஒன்று பாரசீகம், உருது வழியே நம்மிடம் வந்தது. மற்றொன்று ஐரோப்பாவைச் சுற்றிக்கொண்டு வந்தது. ஆகவே 'மேகசின்' என்பதை ஆங்கிலம் எனப் பெருமை கொள்வதும் பொருந்தாது. ஆங்கிலம் எனச் சினந்து விலக்குவதும் பொருந்தாது. பெயர் எதுவாயினும் ஆகுக. கிடங்கில் சரக்கு உண்டா என்பதே நம் வினா.

ஆண்டு மலர்கள் பலவற்றைப் புரட்டினால் வாழ்த்துச் செய்திகளும் குழுப் படங்களுமே பக்கங்களை நிறைக்கின்றன. பத்தாண்டு கழித்து அவற்றைத் தேடி எடுப்பார் யார்? வசூல், பாக்கி, அசல், நகல், வக்கீல் என அரபியிலிருந்து வந்து நம் கடைத்தெருவிலும் வழக்குமன்றத்திலும் குடியேறிய சொற்கள் எத்தனை! அவை ஊருக்கு ஊர் என்ன பொருளில் வழங்குகின்றன என முதியோரிடம் கேட்டுத் தொகுக்கத் தமிழ்த்துறை மாணவரினும் தக்கார் யாவர்? அடுத்த மலரில் இதற்கெனப் பத்துப் பக்கம் ஒதுக்கலாம். வாழ்த்துச் செய்திகள் சற்றுக் குறைந்தால் வாழ்த்துவோர் வருந்தமாட்டார் என்றே நம்புகிறோம்.