காசு யாருடைய கையில இருந்து வருகுது?

போன மாதம் ஒருநாள் இரவு வட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ். அனுப்பியவர் எங்கட கலைப்பீடத்தில் எனக்கு இரண்டு பட்ச் மூத்த அக்கா. "தங்கச்சி, ஃப்ரீ எண்டா எட்டு மணிக்கு ஒரு சூம் மீட்டிங் இருக்கு. ஒன்லைன் பிஸ்னஸ். சும்மா வந்து கேளுங்கோ."

போனேன். கோட் போட்ட ஒருவர் நிறையப் பேசினார். கனவு, கார், "மைண்ட்செட்", பெற்றோரை வெளிநாட்டுக்குக் கூட்டிப் போவது, இப்படி. நான் சட்டில் ஒரே ஒரு கேள்வி எழுதினேன்: "இதில என்ன விக்கிறீங்கள்? ஆர் வாங்குறாங்கள்?" பதில் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் மீட்டிங் தானாகவே நின்றுவிட்டது. சூமை இலவசமாகப் பாவித்தால் 40 நிமிடத்தோடு அது வெட்டிவிடும். மாதம் இலட்சக்கணக்கில் உழைக்கலாம் என்று சொன்னவர் சூமுக்குக் காசு கட்டியிருக்கவில்லை.

சிரிப்பு வந்தது உண்மை. ஆனால் பிறகு யோசித்தால், "ஒன்லைன் பிஸ்னஸ்" என்ற சொல்லே எங்களிடம் கெட்டுப் போய்விட்டது. கேக் செய்து இன்ஸ்டகிராமில் விற்கும் பிள்ளையும் ஒன்லைன் பிஸ்னஸ்தான் செய்கிறாள். பேஸ்புக்கும் ஒன்லைன் பிஸ்னஸ்தான். "இரண்டு பேரைச் சேர்த்துவிடுங்கோ" என்பதற்கும் அதே பெயர். இவை எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்க, நான் சட்டில் கேட்ட கேள்வியே போதும் என்று நினைக்கிறேன்: காசு யாருடைய கையில் இருந்து, எதற்காக வருகிறது?

முதலாவது, எல்லாருக்கும் விளங்கும் முறை. பொருளை வாங்கி அல்லது செய்து, கூடுதல் விலைக்கு விற்பது. வீட்டில் இருந்து சாறி, நகை, கேக், மிளகாய்த்தூள் விற்கும் பெண்கள் எங்கள் ஊர்களில் எத்தனை பேர்! கடை வாடகை இல்லை, ஆனால் கஷ்டம் இல்லாமல் இல்லை. பார்சல் கையில் கிடைத்த பிறகு காசு கொடுக்கும் முறையில், வாங்கச் சொன்னவர் போனை எடுக்காவிட்டால் கூரியர் செலவு விற்றவரின் தலையில். இந்த வியாபாரத்தில் இலாபம் எப்போதும் மெல்லியது. உலகத்திலேயே பெரிய ஒன்லைன் கடையான அமேசனைப் பாருங்கள். 2023 இல் அதன் செயற்பாட்டு இலாபம் கிட்டத்தட்ட 37 பில்லியன் டொலர். அதில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 24 பில்லியனுக்கும் மேல், கடையில் இருந்து வரவில்லை. மற்றக் கம்பனிகளுக்குக் கணினிச் சேவையை வாடகைக்கு விடும் பகுதியில் இருந்து வந்தது. அவ்வளவு பெரிய கடைக்கே நிலைமை இதுதான். "ஒன்லைன்ல போட்டா தானா ஓடும்" என்று யாராவது செமினாரில் சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, தரகு. டராஸ், பிக்மீ, ஊபர், பைவர் எல்லாம் இந்த வகை. வாகனம் அவர்களுடையது இல்லை, விற்கும் சாமானில் பெரும்பகுதியும் அவர்களுடையது இல்லை. வாங்குபவரும் விற்பவரும் சந்திக்கும் சந்தியை அவர்கள் வைத்திருக்கிறார்கள், கடந்து போகிற ஒவ்வொருவரிடமும் ஒரு பங்கு எடுக்கிறார்கள். பைவரில் 10 டொலருக்கு ஒரு லோகோ வரைந்து கொடுத்தால் கைக்கு வருவது 8 டொலர். 20 வீதம் அவர்களுக்கு. இது களவு இல்லை. யாழ்ப்பாணத்தில் இருக்கும் ஒரு பிள்ளைக்கு கனடாவில் இருக்கும் ஒரு கடைக்காரரை யார் காட்டித் தருவார்கள்?

ஆனால் தரகு முறைக்கு ஒரு குணம் இருக்கிறது. தொடக்கத்தில் அள்ளிக் கொடுக்கும். 100 ரூபாய் தூரத்துக்கு 50 ரூபாய், முதல் ஓடருக்கு இலவச டெலிவரி. அந்தக் காசு முதலீட்டாளர்களுடையது. 2009 இல் தொடங்கிய ஊபர், முழு வருடக் கணக்கில் முதன்முதலாகச் செயற்பாட்டு இலாபம் காட்டியது 2023 இல்தான். பழகிய பிறகு கழிவு குறையும், கட்டணம் கூடும். ஓட்டோ ஓட்டும் அண்ணாமார் புறுபுறுப்பது ஏன் என்று அப்போது விளங்கும். சந்தியை விட்டு அவர்களால் போக முடியாது, ஏனென்றால் ஆட்கள் எல்லாம் அங்கேதான் நிற்கிறார்கள்.

மூன்றாவது, விளம்பரம். நாங்கள் நாள் முழுக்க இருப்பது இதற்குள்தான். மெட்டா கம்பனியின் 2023 வருமானம் கிட்டத்தட்ட 135 பில்லியன் டொலர். அதில் 97 வீதத்துக்கும் அதிகம் விளம்பரக் காசு. ஒரு காலத்தில் வட்ஸ்அப் வருடத்துக்கு ஒரு டொலர் கேட்டது ஞாபகம் இருக்கிறதா? 2014 இல் பேஸ்புக் அதை 19 பில்லியன் டொலருக்கு வாங்கியது. 2016 இல் அந்த ஒரு டொலரும் வேண்டாம் என்றார்கள். தர்மம் செய்ய யாரும் 19 பில்லியன் கொடுப்பதில்லை. நாங்கள் எதைப் பார்க்கிறோம், எவ்வளவு நேரம் நிற்கிறோம் என்பதுதான் இங்கே சரக்கு. வாங்குபவர் விளம்பரக்காரர்.

இதில் எங்கள் சமூகத்துக்கு நேரடியாகப் படும் ஒரு விசயம் இருக்கிறது. யூடியூப்பில் விளம்பரப் பங்கு கிடைக்க வழமையான வழி, 1,000 சப்ஸ்கிரைபரும் ஒரு வருடத்துக்குள் 4,000 மணித்தியாலப் பார்வை நேரமும். அதன் பிறகு நீள வீடியோக்களின் விளம்பர வருமானத்தில் 55 வீதம் செய்தவருக்கு. விளம்பரக்காரர் எல்லா நாட்டுப் பார்வைக்கும் ஒரே விலை கொடுப்பதில்லை. கொழும்பில் இருந்து வரும் பார்வையை விட ரொறன்ரோவில், இலண்டனில் இருந்து வரும் பார்வைக்கு விலை அதிகம். அதனால் எங்கள் யூடியூபர்கள் பலரின் கண் புலம்பெயர்ந்த உறவுகள் மீது இருக்கிறது. அவர்களை எது நிறுத்திப் பார்க்க வைக்கும்? ஊரின் குளம், கோயில் திருவிழா, அம்மம்மாவின் சமையல். இவை நல்லதுதான். ஆனால் அதைவிட அதிகம் நிறுத்துவது கண்ணீர். வன்னியில் தகரக் கொட்டிலில் இருக்கும் ஒரு தாயின் முன்னால் கமராவைப் பிடித்து, அரிசி மூட்டையைக் கையில் கொடுத்து, "அம்மா, என்ன கஷ்டம் எண்டு சொல்லுங்கோ" என்று கேட்கும் வீடியோக்களை நாங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறோம். உதவி கிடைத்தது உண்மை. அந்த முகத்தை வைத்து யார் எவ்வளவு உழைத்தார் என்பது அந்தத் தாய்க்குத் தெரியாது என்பதும் உண்மை. எடுப்பவர் எல்லாரும் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அழுகைக்கு அதிகப் பார்வையும் பார்வைக்குக் காசும் கிடைக்கும் இடத்தில், நல்லவரும் மெல்ல மெல்ல அழுகையைத் தேடித்தான் போவார்.

நான்காவது, சந்தா. நெட்ஃபிளிக்ஸ் 2016 இல், ஸ்பொட்டிஃபை 2021 இல் இலங்கைக்கு வந்தன. கொஞ்சத்தை இலவசமாகக் கொடுத்து, பழகினவர்களில் ஒரு பகுதியினரிடம் மாதக் காசு வாங்குவது இதன் இன்னொரு வடிவம். கன்வா, அந்த 40 நிமிட சூம், எல்லாம் அப்படித்தான். காசு கட்டுகிற சிலர்தான் கட்டாத மற்ற எல்லாருக்கும் செலவழிக்கிறார்கள். என்னைக் கேட்டால் இருக்கிற முறைகளில் கொஞ்சம் நேர்மையானது இது. பிடித்தால் கட்டு, பிடிக்காட்டி நிப்பாட்டு. ஆனால் டொலர் விலையில் யோசிக்கும் கம்பனிக்கும் ரூபாயில் வாழும் எங்களுக்கும் இடையில் தூரம் அதிகம். போடிங்கில் ஐந்து பேர் ஒரு பாஸ்வேர்டில் படம் பார்ப்பது அந்தத் தூரத்தால்தான். விக்கிப்பீடியா மாதிரி நன்கொடையில் ஓடுபவையும் இருக்கின்றன, ஆனால் அவை விதிவிலக்கு.

இந்த நான்கிலும் குறை இருக்கிறது. ஆனால் நான்கிலும் ஒரு பொது அம்சமும் இருக்கிறது. வெளியில் இருக்கும் ஒருவர், தனக்குத் தேவையான ஏதோ ஒன்றுக்காகக் காசு கொடுக்கிறார். கேக்குக்கு, பயணத்துக்கு, விளம்பர இடத்துக்கு, பாட்டுக்கு.

அன்றைய சூம் மீட்டிங்கில் அந்த வெளி ஆள் இல்லை. நான் கட்டும் காசு எனக்கு மேலே இருப்பவருக்கு. எனக்குக் கிடைப்பது எனக்குக் கீழே வருபவரின் காசு. நடுவில் ஒரு சத்து மாவோ, ஒரு "டிஜிட்டல் கோர்ஸோ", ஒரு கிரிப்டோ பெயரோ சும்மா இருக்கும். அதை எடுத்துவிட்டாலும் கணக்கு மாறாது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள், கலைப்பீடக்காரிக்கும் வரும் கணக்குத்தான். ஒவ்வொருவரும் 5 பேரைச் சேர்க்க வேண்டும். முதல் சுற்றில் 5, பிறகு 25, 125, 625, 3,125. பத்தாவது சுற்றில் 97 இலட்சத்தைத் தாண்டும். பதினோராவது சுற்றுக்கு 4 கோடி 88 இலட்சம் பேர் தேவை. 2024 கணக்கெடுப்பின்படி இலங்கையின் சனத்தொகையே சுமார் 2 கோடி 17 இலட்சம்தான். இன்னொரு விசயம்: எந்த நாளில் இது நின்றாலும், சேர்ந்தவர்களில் ஐந்து பேரில் நான்கு பேர் கடைசிச் சுற்றில் இருப்பார்கள். அவர்களுக்குக் கீழே ஒருவரும் இல்லை. திறமை, முயற்சி, மைண்ட்செட் எதுவும் இந்தப் பங்கை மாற்றாது. நீங்கள் திறமையாகச் சேர்த்தால், கடைசிச் சுற்றில் நிற்பது நீங்களாக இல்லாமல் உங்கட மச்சாளாக இருக்கும். அவ்வளவுதான்.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவு பிரமிட் திட்டங்களைத் தடைசெய்கிறது. தொடங்குவது மட்டுமல்ல, விளம்பரப்படுத்துவதும் குற்றம். மத்திய வங்கி தடைசெய்யப்பட்ட திட்டங்களின் பெயர்ப் பட்டியலையே வெளியிட்டிருக்கிறது. ஆனால் ஒரு பெயர் பட்டியலில் ஏறும்போது அதே ஆட்கள் வேறு பெயரில் அடுத்த மீட்டிங் வைக்கிறார்கள்.

"ஊபரும் 14 வருசம் மற்றவையின்ர காசிலதானே ஓடினது, அப்ப என்ன வித்தியாசம்?" என்று ஒரு நண்பன் கேட்டான். நல்ல கேள்வி. வித்தியாசம் இரண்டு. ஊபரில் காசு போட்டவர்களுக்குக் கணக்கு அறிக்கை கிடைத்தது, நட்டம் என்று தெரிந்தே போட்டார்கள். அத்தோடு உண்மையான பயணி ஒருவர் ஒவ்வொரு நாளும் ஏறி இறங்கினார். எங்கட ஊரில் காசு போட்டது காப்பை அடகு வைத்த பெரியம்மா. அவவிடம் யாரும் அறிக்கை காட்டவில்லை. அவ நம்பியது கம்பனியை இல்லை, மருமகளை. அங்கே விலைபோனது அந்த உறவுதான்.

சேர்பவர்களை முட்டாள்கள் என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். நான் அப்படி நினைக்கவில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டபோது, வீட்டில் இருந்து வரும் காசு பாதிப் பெறுமதி ஆனதைப் பார்த்தவர்கள் நாங்கள். "ஆர்ட்ஸ் படிச்சு என்ன செய்யப் போறாய்?" என்று ஒவ்வொரு கலியாண வீட்டிலும் கேட்கிறார்கள். பட்டத்துக்குப் பிறகு அரச வேலைக்காகக் காத்திருக்கும் அண்ணாமாரைத் தெரியும். அந்த இடத்தில் ஒருவர் வந்து "உன்னால முடியும்" என்று சொன்னால், அதைச் சொன்ன முதல் ஆளே அவராகவும் இருக்கலாம்.

அதனால்தான் இது பல்கலைக்கழகத்தின் வேலையும் கூட. புதுமுக மாணவர்களுக்கு முதல் வாரத்தில் எத்தனையோ விரிவுரை வைக்கிறார்கள். அதில் ஒரு மணித்தியாலம் இதற்கு ஒதுக்கலாம். மேலே சொன்ன நான்கு முறையையும் ஐந்தாவது மோசடியையும் தமிழில், உதாரணத்தோடு. மாணவர் சங்கங்களும் தங்கள் வட்ஸ்அப் குறூப்பில் இப்படியான மீட்டிங் லிங்க் வந்தால் அழித்துவிடுவோம் என்று ஒரு விதி வைக்கலாம். செலவே இல்லை.

அந்த அக்காவுக்கு இரண்டு நாள் கழித்து நான் கோல் எடுத்தேன். 5, 25, 125 என்று கணக்கைச் சொன்னேன். அவ இடையில் மறிக்கவில்லை. முடிந்த பிறகு, "எனக்கும் விளங்கினதுதான் தங்கச்சி. ஆனா போட்ட காசு இருக்கே. இரண்டு பேர் வந்தா என்ர காசு வந்திடும், பிறகு நான் விட்டிடுவன்" என்றா.

அந்த இரண்டு பேரில் ஒருவராக என்னைத்தான் நினைத்திருந்தா. எனக்குக் கோபம் வரவில்லை. போன காசை மறக்கச் சொல்வது எனக்குச் சுலபம், அது என் காசு இல்லை. ஆனாலும் சொன்னேன்: இன்னும் இரண்டு பேரைச் சேர்த்தால் அந்தக் கடன் தீராது அக்கா, உங்களிடம் இருந்து அவர்களிடம் மாறும். மத்திய வங்கிக்கு முறைப்பாடு எழுதுவம், நான் கூட இருந்து எழுதித் தாறன்.

யோசிச்சுச் சொல்லுறன் என்றா. இன்னும் பதில் வரவில்லை. மெசேஜில் இரண்டு நீலச் சரி மட்டும் விழுந்திருக்கிறது.