மதில் பிரிக்கும், தண்ணி பிரியாது

திருநெல்வேலிச் சந்தியிலிருந்து கோண்டாவில் பக்கம் ஒருக்கா சைக்கிளில் போய்ப் பாருங்கள். வெங்காயமும் புகையிலையும் நின்ற செம்மண் தோட்டங்களில் இப்ப எல்லைக்கல் நட்டு, நடுவால் ஒழுங்கை விட்டு, ‘காணி விற்பனைக்கு’ என்று போர்ட் போட்டிருக்கும்.

யாழ்ப்பாண மாநகர சபை எல்லைக்கு வெளியே இருந்தாலும் கொக்குவில், கோண்டாவில், திருநெல்வேலி எல்லாம் இப்ப நகரம்தான். கம்பஸும் வேலையும் இங்கே இருக்கும்போது ஆட்கள் வரத்தான் செய்வார்கள். அவர்களுக்கு வீடு வேண்டும். ஆனால் அந்த வீடுகள் எங்கே, எப்படி வரவேண்டும் என்று யார் யோசிக்கிறார்கள்? எனக்குத் தெரிந்து காணித் தரகர் மட்டும்தான்.

ஒரு சின்னக் கணக்குப் பார்ப்போம். ஒரு பரப்பு என்பது 10 பேர்ச்சஸ், ஏறக்குறைய 2,720 சதுர அடி. சதுரமாக வெட்டினால் ஒரு பக்கம் 52 அடி. கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையில் 50 அடியாவது வேண்டும் என்று மேசன்மாரே சொல்லுவினம். ஒரு பரப்புக்குள் வீட்டையும் கட்டி அந்த இடைவெளியை எப்படி விடுவது? உங்கள் கிணற்றிலிருந்து குழியைத் தள்ளித் தள்ளிக் கொண்டுபோனால் அது பக்கத்து வீட்டுக் கிணற்றடியில் போய் நிற்கும். 16 பரப்பு, அதாவது ஒரு ஏக்கர் தோட்டத்துக்கு ஒரு கிணறு இருந்த இடத்தில், பாதை போக 13 வீடு வந்தால் 13 குழி. கீழே இருப்பதோ வெடிப்பு விழுந்த சுண்ணாம்புக்கல். மதில் எல்லாம் மேலேதான், கீழே எல்லாருக்கும் ஒரே தண்ணி.

எங்கட அம்மம்மா வீட்டுக் கிணற்றில் வாளியால் அள்ளி அப்படியே குடித்து வளர்ந்தவன் நான். இப்ப பரிசோதித்துப் பார்த்தால் குடிக்க ஏலாது என்கிறார்கள். கானில் தண்ணி வாங்குகிறோம். ஆரைக் குற்றம் சொல்வது? எங்கட குழியும் அதே நிலத்துக்குள்தானே இருக்கு.

“பைப் தண்ணி வருகுது, பிறகென்ன?” என்று கேட்கலாம். தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 இல் திறந்தாச்சு, நல்ல விஷயம். ஆனால் பைப்பால் வீட்டுக்குள் வருகிற தண்ணி கழிவாகிப் போவதும் அதே குழிக்குத்தான். தோட்டக்காரர் இறைப்பதும் அதே நிலத்தடி நீரைத்தான்.

எங்களுக்குத் திட்டம் என்றாலே ‘வீட்டுத்திட்டம்’தான் ஞாபகம் வரும். போருக்குப் பிறகு இந்திய உதவியில் கிடைத்த 550 சதுர அடி வீடுகள் இழந்த வீடுகளுக்கான பதில். அது கட்டாயம் தேவைப்பட்டது. 2040 இல் ஆருக்கு என்ன வீடு தேவைப்படும் என்பது வேறு கேள்வி. அறை தேடி அலைகிற கம்பஸ் பிள்ளைகள், சீதன வீடு இல்லாமல் வாடகைக்குப் போகிற இளம் சோடிகள், பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில் இருக்கப் பெரிய வளவில் தனியே இருக்கிற கிழவிகள். இவர்கள் எல்லாருக்கும் ஆளுக்கொரு பரப்பும் மதிலும்தான் தீர்வா?

மூன்று மாடியில் 12 சிறிய வீடுகள், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் தொட்டி, மிச்ச நிலம் மாரி மழை இறங்குவதற்குத் திறந்தபடி. இப்படிச் சொன்னால் “பிளாட் கொழும்புக்குத்தான் சரி” என்பார்கள். எனக்கும் முற்றமும் மாமரமும் விருப்பம்தான். ஆனால் ஒரு பரப்பில் வீடு, கராஜ், சீமெந்துத் தரை எல்லாம் போட்ட பிறகு முற்றம் எங்கே மிஞ்சுது?

பிரதேச சபையிடம் நான் கேட்பது பெரிய மாஸ்டர் பிளான் இல்லை. ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாக அனுமதி கொடுக்காமல், தோட்டத்தைத் துண்டாக்கும்போதே முழுக் காணியையும் ஒன்றாகப் பாருங்கள். கழிவு எங்கே போகும், மழைத்தண்ணி எங்கே இறங்கும் என்ற இரண்டுக்கும் பதில் இல்லாத வரைபடத்துக்குக் கையெழுத்து வைக்காதீர்கள். அடுத்த முறை வோட்டுக் கேட்டு வருகிறவர் ரோட்டையும் லைட்டையும் பற்றிச் சொல்லி முடித்ததும், நாங்களும் இந்த இரண்டையும் கேட்போம்.