பழைய ஸ்பீக்கருக்கு ஒரு மறுவாய்ப்பு

வீடு மாற்றும் நாளில்தான் இந்தப் பிரச்சினை தலைதூக்கும். பரணிலிருந்து இறங்கும் இரண்டு மரப் பெட்டிகள், முன்பக்கத் துணி கிழிந்து, ஓரங்களில் வெனீர் உரிந்து, கூடத்தின் நடுவில் உட்கார்ந்திருக்கும். எடைக்குப் போட்டுவிட்டு டி.வி.க்குக் கீழே ஒல்லியான சவுண்ட்பார் ஒன்றை வைத்தால் வேலை முடிந்தது என்பது பெரும்பாலான குடும்பங்களின் தீர்ப்பு. பல சமயங்களில் அது அவசரத் தீர்ப்பு.

காரணம் பழசின் மீதுள்ள பாசமல்ல, பௌதிகம். கனமான கீழ்ஸ்தாயி ஒலி எழ வேண்டுமென்றால் நிறையக் காற்று அசைய வேண்டும். அதற்குப் பெரிய கூம்பு வேண்டும், அது மூச்சுவிடப் போதுமான பெட்டியும் வேண்டும். 1954இல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சுர் வெளியிட்ட ஏஆர்-1 ஸ்பீக்கர், காற்றுப் புகாதபடி மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே ஸ்பிரிங் போலப் பயன்படுத்திப் பெட்டியின் அளவைப் பெருமளவு குறைத்தது. 1970களில் பிபிசி தன் வெளிப்புற ஒலிபரப்பு வேன்களுக்காக வடிவமைத்த எல்எஸ்3/5ஏ வெறும் 5 லிட்டர் பெட்டிதான். மிருதங்கத்தின் தொப்பியை அது முழுதாகத் தராது. ஆனால் மனிதக் குரலை அத்தனை இயல்பாகச் சொல்வதால் இன்றும் அதைத் தேடி அலைகிறார்கள். காந்தமும் காகிதக் கூம்பும் அரை நூற்றாண்டில் அவ்வளவாகக் கெடுவதில்லை. அதே காலத்தில் ஆம்ப்ளிஃபையர்களோ சிறுத்து, மலிந்துவிட்டன. எனவே ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு மற்றதைப் புதுப்பிப்பதே கணக்குக்கு ஒத்துவரும் வழி.

ஆனால் பழையதெல்லாம் பொன்னல்ல. இறக்குமதிக்குக் கெடுபிடி இருந்த காலத்தில், 1970இல் கல்கத்தாவில் தொடங்கிய சோனோடைன் போன்ற உள்நாட்டுக் கம்பெனிகளின் பெட்டிகளும், வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்கள் சுமந்து வந்த பெட்டிகளும் நம் வீடுகளுக்குள் நுழைந்தன. பின்னாலேயே பி.எம்.பி.ஓ. என்ற மாய எண்ணை ஆயிரக்கணக்கில் அச்சடித்த பிளாஸ்டிக் செட்டுகளும் வந்தன. மெல்லிய பலகையும் சுண்டைக்காய் அளவு காந்தமும் கொண்ட பெட்டிக்குச் செலவழிப்பது வீண். தூக்கினால் கனக்க வேண்டும், தட்டினால் தகர டப்பா போல அதிராமல் அடங்கிய சத்தம் வர வேண்டும். இது முதல் பரீட்சை.

இரண்டாவது பரீட்சை கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பு. ரப்பரோ துணியோ என்றால் நெடுநாள் தாங்கும். ஃபோம் என்றால் பதினைந்து, இருபது ஆண்டுகளில் பொடிந்து உதிரும். கடலோர ஊர்களின் புழுக்கத்தில் இன்னும் சீக்கிரம். இரு கை விரல்களாலும் கூம்பைச் சமமாக, மெதுவாக அழுத்திப் பார்க்கலாம். உராயும் சத்தம் கேட்டால் உள்ளே இருக்கும் காயில் இடம் பெயர்ந்திருக்கிறது. அடுத்து, 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றை ஸ்பீக்கரின் முனைகளில் கணநேரம் தொட்டு எடுத்தால், இரண்டு பெட்டிகளின் கூம்பும் ஒரே திசையில் நகர வேண்டும். வழக்கமாக வெளியே நகரும். பழைய ஜேபிஎல் பலவற்றில் உள்ளே நகரும். அது அந்தக் கம்பெனியின் அக்கால வழக்கமே தவிரப் பழுதல்ல. ஒன்று உள்ளேயும் ஒன்று வெளியேயும் போனால்தான் வம்பு. கீழ்ஸ்தாயி காணாமல் போகும்.

சேதம் நடப்பது பெரும்பாலும் பழுது பார்க்கும் இடத்தில்தான். விளிம்பு மட்டும் கெட்டிருக்கும்போது, “புதுசாவே போட்டுடலாம் சார்” என்று கூம்பையே மாற்றிவிடுவார்கள். கூம்பின் எடையும் விறைப்பும் மாறினால் அது வேறு ஸ்பீக்கர். அசல் கூம்பு குப்பைக்குப் போன பிறகு திரும்பி வராது. சென்னை ரிச்சி தெரு, மும்பை லேமிங்டன் ரோடு, டெல்லி லாஜ்பத் ராய் மார்க்கெட் என்று எந்தக் கடைவீதிக்குக் கொண்டுபோனாலும், விளிம்பை மட்டும் ஒட்டித் தருபவரைத் தேடுவது நல்லது. உள்ளே கிராஸ்ஓவரில் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் காய்ந்துபோயிருந்தால் மேல்ஸ்தாயி மங்கும். அதே மைக்ரோஃபாரட் அளவில் புதிதாகப் போட்டால் போதும்.

அடுத்தது ஆம்ப்ளிஃபையர். இங்கே வாட் மோகம் பலரைக் கவிழ்க்கிறது. பார்க்க வேண்டியது ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி, அதாவது 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் என்பது. எல்எஸ்3/5ஏ சுமார் 82; 1940களில் பிறந்த க்ளிப்ஷ்ஹார்னோ 100க்கும் மேல். 3 டெசிபல் கூட வேண்டுமென்றால் இரண்டு மடங்கு வாட் தேவை. 20 டெசிபல் என்றால் நூறு மடங்கு. ஒன்றுக்கு 5 வாட் தாராளம், மற்றதற்கு 50 வாட் தேவைப்படலாம். ஓம் எண்ணையும் பார்த்துவிட வேண்டும். 4 ஓம் ஸ்பீக்கரை, 8 ஓமுக்கு மட்டும் செய்த ஆம்ப்ளிஃபையரில் மாட்டினால் அது சூடேறித் திணறும். பழைய ஆம்ப்ளிஃபையரை வாங்குபவர்கள் அதைத் தாங்களே திறக்காமல் இருப்பது உயிருக்கு நல்லது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளே மின்சாரம் தேங்கியிருக்கும்.

காசு செலவில்லாத, ஆனால் அதிகம் அலட்சியப்படுத்தப்படும் பாகம் அறை. சிமெண்ட் சுவர், மொசைக் தரை, வெறும் கூரை என்று நம் வீடுகள் எதிரொலிக் கூடங்கள். ஜமக்காளம், கனமான திரைச்சீலை, புத்தக அலமாரி மூன்றும் சேர்ந்து செய்யும் மாற்றத்தைப் பல ஆயிரம் ரூபாய் கேபிள் செய்யாது. வீட்டு வயரிங்குக்கு வாங்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரே ஸ்பீக்கருக்குத் தாராளம். ட்வீட்டர் உட்காருபவரின் காது மட்டத்தில் இருக்கட்டும். பெட்டியைச் சுவரிலிருந்து ஒவ்வொரு சாணாக நகர்த்தி, பழக்கமான ஒரு குரலை ஒலிக்கவிட்டுக் கேட்டால், சரியான இடம் தானே தெரியும்.

இந்தப் பொழுதுபோக்கின் பெரிய வியாதி, எங்கே நிறுத்துவது என்று தெரியாததுதான். ஒன்றை மாற்றினால் அடுத்தது உறுத்தும். அதற்கும் ஓர் அளவுகோல் உண்டு. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது கவனம் பெட்டியின் மேல் இருந்தால் வேலை இன்னும் பாக்கி. அது பாடகரின் மேல் போய்விட்டால் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிடலாம்.