ஜால்ரா போடுவது அவ்வளவு எளிதல்ல

ஜால்ரா என்ற நல்ல வாத்தியத்தின் பெயரை நாம் கெடுத்து வைத்திருக்கிறோம். மேலதிகாரி தும்மினால்கூட "அருமை சார்" என்பவனுக்கு அந்தப் பெயரைக் கொடுத்துவிட்டோம். அந்த ஜால்ரா எல்லா ஆபீசிலும் உண்டு. எங்கள் ரயில்வே ஆபீசும் விலக்கல்ல. அதற்குப் பயிற்சி தேவையில்லை. நான் சொல்ல வந்தது கையில் மாட்டி அடிக்கும் அசல் ஜால்ராவைப் பற்றி. அதிலும், இடுப்பை அசைத்து ஆடிக்கொண்டே எகிப்து நாட்டுப் பெண்கள் அடிக்கிற விரல் ஜால்ராவைப் பற்றி.

'பெல்லி டான்ஸ்' என்றதும் சிலர் பத்திரிகையை மடித்து வைத்துவிடக்கூடும். அவர்கள் மேல் குற்றமில்லை. 1956-இல் வந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' முதல் 1975-இல் வந்த இந்தி 'ஷோலே' வரை, அரேபிய வேடம் கட்டிய ஆட்டத்தை நமக்குக் காட்டியது சினிமாதான். சினிமா பார்த்தவர் இடுப்பைப் பார்த்தார். கை என்ன செய்கிறது என்று பார்த்தவர் யார்? அந்த ஆட்டத்தின் பாதி மரியாதை கையில் இருக்கிறது என்பது என் கட்சி.

எகிப்தில் அந்தத் தாளத்துக்கு 'சாகாத்' என்று பெயர். துருக்கியில் 'ஜில்'. (இஸ்தான்புல்லில் 1623-இல் தொழில் தொடங்கி, பிறகு அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ஜில்ஜியன் குடும்பத்தின் பெயருக்கே தாளம் செய்பவர் என்றுதான் பொருள்.) பித்தளையிலோ வெண்கலத்திலோ வார்த்த நான்கு சின்னத் தட்டுகள். கைக்கு இரண்டு. ஒன்று கட்டைவிரலில், ஒன்று நடுவிரலில். எலாஸ்டிக் நாடா இறுக்கமாக இருக்கவேண்டும். தளர்ந்தால் ஆட்டத்தின் நடுவில் தட்டு திரும்பிக்கொள்ளும், ஓசை செத்துவிடும். விளிம்போடு விளிம்பு பட்டு விலகினால் மணி போலக் கணீரென்று கேட்கும். இரண்டையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் 'டக்' என்று அடங்கும். இந்த இரண்டு ஓசையையும் மாற்றி மாற்றி எடுக்கத் தெரிந்தால்தான் வாசிப்பு.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் 'ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்' அடித்துத் தேய்ந்தவர்களுக்கு அடுத்து நான் சொல்வது உடனே புரியும். முதலில் உட்கார்ந்து விரலைப் பழக்கவேண்டும். வலது, இடது, வலது. வலது, இடது, வலது. நம் சொல்கட்டில் 'தகதீம், தகதீம்' என்று வருமே, அதேதான். அது கைக்கு வந்தபின் எழுந்து நிற்கவேண்டும். பிறகு அறையைச் சுற்றி நடக்கவேண்டும்: ஒரு காலடிக்கு ஒரு 'தகதீம்'. இடுப்பின் முறை அதற்குப் பிறகுதான் வரும். அங்கேதான் தொல்லை. கால் ஒரு கணக்கு, இடுப்பு ஒரு கணக்கு, விரல் ஒரு கணக்கு. விரலைக் கவனித்தால் இடுப்பு நின்றுவிடும். இடுப்பைக் கவனித்தால் விரல் ஊமையாகும். தோள் தானாக மேலே ஏறும், முழங்கை விறைக்கும், முகம் கணக்குப் பரீட்சை எழுதுகிறவன் முகம்போல ஆகிவிடும். விசைப்பலகையைப் பார்க்காமல் பக்கத்து ஆளோடு பேசிக்கொண்டே கடிதம் அடிக்கிற கை நமக்கு எத்தனை மாதத்தில் வந்தது? அந்தக் கணக்கை இதற்கும் போடுங்கள்.

இதோடு முடிந்ததா என்றால் இல்லை. பின்னால் 'தபலா' என்ற ஒற்றை முகக் கொட்டு 'தும் தக், தக் தும், தக்' என்று 'மக்சூம்' தாளத்தில் போய்க்கொண்டிருக்கும். ஆடுகிறவள் அதன்மேல் தன் 'தகதீ'மை ஏற்றவேண்டும். பாட்டுக்காரர் பாடும்போது அடக்கி வாசிக்கவேண்டும். சில இடங்களில் வாசிக்காமல் விடவேண்டும். எங்கே விடுவது என்று தெரிவதுதான் வித்தை. ஆக, அவள் ஆட்டக்காரி மட்டும் அல்ல, வாத்தியக்காரியும்கூட. ஒரே சம்பளத்தில் இரண்டு உத்தியோகம்.

இந்தப் பெண்களை எகிப்து எப்படி நடத்தியது? 1834-இல் முகம்மது அலியின் ஆட்சி ஆட்டக்காரிகளைக் கெய்ரோவை விட்டே துரத்தியது. தெற்கே எஸ்னா, கெனா, அஸ்வான் என்று அனுப்பிவைத்தது. 1836-இல் வெளிவந்த எட்வர்ட் லேனின் நூலில் அவர்கள் கையில் இருந்த பித்தளைத் தாளம் பற்றிய குறிப்பு இருக்கிறது. ஊரை விட்டு அனுப்பியும் தாளம் கையை விட்டுப் போகவில்லை. பிறகு கெய்ரோவில் முகம்மது அலி தெரு என்றே வாத்தியக்காரர்களும் ஆட்டக்காரிகளும் குடியிருந்த தெரு ஒன்று பெயர்பெற்றது. 1926-இல் பாடியா மசாப்னி என்ற அம்மையார் ஆரம்பித்த அரங்கிலிருந்து தஹியா கரியோக்கா, சாமியா கமால் போன்ற பெரும் பெயர்கள் வந்தன. அரங்கு பெரிதானது, வாத்தியக் கோஷ்டியும் பெரிதானது. கோஷ்டியில் தாளம் போட ஒரு ஆண் வந்து உட்கார்ந்தார். இப்போது பல ஆட்டக்காரிகள் ஒரு பகுதிக்கு மட்டும் தாளத்தை விரலில் மாட்டுகிறார்கள், அல்லது மாட்டுவதே இல்லை. அந்தத் தாளக்காரர் பிழைப்பை நான் குறை சொல்லவில்லை. அவருக்கும் குடும்பம் இருக்கும். ஆனால் கோஷ்டிக்குச் சம்பளம் கொடுப்பது அங்கே பெரும்பாலும் ஆட்டக்காரிதான். தன் கையில் இருந்த வேலைக்குத் தானே கூலி கொடுக்கிறாள் என்பதையும் பார்க்கவேண்டும்.

2003-இல் எகிப்து அரசு வெளிநாட்டுப் பெண்கள் அங்கே இந்த ஆட்டம் ஆடத் தடை போட்டது. உள்ளூர்ப் பெண்களின் பிழைப்பு போகிறது என்பது காரணம். மறுவருஷமே தடையை விலக்கிக்கொண்டார்கள். அந்தப் பேச்சின் ராகம் நமக்குப் பழக்கமானது. 1960-களின் கடைசியில் இதே மும்பையில் மதராசி குமாஸ்தாக்களைப் பற்றி என்ன பேசினார்கள் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள்.

"பரதநாட்டியம் இருக்க இதெல்லாம் நமக்கு எதற்கு?" என்று மாதுங்கா மாமாக்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பரதத்தில் தாளம் நட்டுவனார் கையில் இருக்கிறது; ஒன்று இரும்பு, ஒன்று வெண்கலம். ஆடுகிற பெண் அதைத் தொடுவதில்லை. அது ஒரு முறை, இது ஒரு முறை. எது உயர்த்தி என்பதல்ல பேச்சு. ஆனால் "அது மானங்கெட்ட ஆட்டம்" என்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். சதிர் என்ற பெயரில் இருந்தவரை நம் ஆட்டத்துக்கும் இதே வசவுதான் கிடைத்தது. ருக்மிணி தேவி 1935-இல் மேடை ஏறியபோது முகம் சுளித்தவர்கள் கொஞ்சமா? பரதம் தப்பித்துச் சபாவுக்கு வந்தது. சதிர் ஆடிய குடும்பங்கள் எல்லாம் சபாவுக்கு வரவில்லை என்பது வேறு சங்கதி.

இப்போது நம் நகரங்களில் பெல்லி டான்ஸ் வகுப்புகள் நடக்கின்றன. ஆபீஸ் முடிந்து வரும் பெண்கள், நம் வீட்டுப் பெண்களும்தான், உடம்பு இளைக்கவென்று சேருகிறார்கள். சேரட்டும். என் சண்டை வகுப்பு நடத்துகிறவர்களோடு. பதிவு செய்த பாட்டைப் போட்டுவிட்டு இடுப்பை மட்டும் கற்றுக்கொடுத்தால், சினிமா செய்ததையே இவர்களும் காசு வாங்கிக்கொண்டு செய்கிறார்கள் என்று பொருள். தாளம் கற்றுக்கொடுத்தால் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள் என்று பயப்படலாம். நிற்கிறவர்கள் நிற்கட்டும். பணம் கட்டப் போகும் பெண்கள் ரசீது வாங்குமுன் ஒரு வார்த்தை கேட்கவேண்டும்: விரல் தாளம் உண்டா, எந்த மாதத்தில் ஆரம்பிப்பீர்கள்? பாட்டை நிறுத்திவிட்டு ஆசிரியையே தாளத்தை மாட்டி நாலு சுற்று ஆடிக் காட்டச் சொன்னாலும் தப்பில்லை.

ஒற்றை அறையில் குடியிருக்கிறவர்களுக்கு ஒரு யோசனை. அந்தத் தட்டுகளின் ஓசை சுவரைத் தாண்டும். பழைய காலுறையின் நுனியை வெட்டி, கைக்கு ஒரு தட்டின்மேல் உறைபோல மாட்டிவிட்டால் ஓசை அடங்கும், விரலின் பழக்கம் கெடாது. இரவு ஒன்பது மணிக்கு மேல் உறையோடு. ஞாயிற்றுக்கிழமை பகலில், பக்கத்து வீட்டுக்காரர் தூங்காத நேரமாகப் பார்த்து, உறையைக் கழற்றி.