கார்பெட்டுக்குக் கீழே ஈரம்

கொஞ்சம் நீளமான பதிவு. பழைய கார் வைத்திருப்பவர்களும், விற்க நினைப்பவர்களும், வாங்க நினைப்பவர்களும் பொறுமையாக வாசியுங்கள். மற்றவர்கள் கடந்து போனாலும் எனக்குக் கோபமில்லை.

என்னிடம் இருப்பது 1997ஆம் ஆண்டு கொரோலா 110. 2023 ஆகஸ்டில் வாங்கினேன். வாங்கும்போது கார் பளபளவென்று இருந்தது. புதுப் பெயின்ட், புது சீட் கவர், புது கார்பெட். அந்தக் கார்பெட்டைப் பார்த்துச் சந்தோசப்பட்டேனே தவிர, 26 வருசக் காருக்கு எதற்குப் புதுக் கார்பெட் போட்டிருக்கிறார்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. மாரி தொடங்கியதும் பதில் கிடைத்தது. ஒரு நாள் காலையில் மகளின் பாடசாலைப் பையை இடது பக்க முன்சீட்டுக்குக் கீழே வைத்தோம். பாடசாலை வாசலில் எடுத்தால் பையின் அடி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. பின்னேரம் கார்பெட்டைக் கிளப்பிப் பார்த்தேன். தளம் முழுக்கக் கறள். ஓட்டை விழுந்த ஓரிடத்தில் தாரை அப்பி, அதற்கு மேலே அழகாகக் கார்பெட் விரித்திருந்தார்கள்.

விற்றவர் யார் என்பது இந்தப் பதிவுக்குத் தேவையில்லை. கேட்டபோது "பழைய கார் என்றால் அப்படித்தான் தம்பி" என்றார். அந்தப் பதிலோடுதான் எனக்குப் பிரச்சினை.

பழைய கார் என்றால் அப்படித்தான் என்பது பொய். காருக்குள் தண்ணீர் வருவதற்குக் காரணம் வயசல்ல, ரப்பர். நாங்கள் பீடிங் என்று சொல்லும் அந்தக் கறுப்பு ரப்பர். வெயிலில் காய்ந்து கல்லாகிறது, நசுங்கியது எழும்புவதில்லை, மூலையில் கிழிகிறது. இதை மாற்றினால் போதும். ஆனால் எங்கள் ஊரில் ஒருவர் அலோய் ரிம் வாங்கினால் நாலு பேர் வந்து பார்ப்பார்கள், கதவு ரப்பர் தேடினால் சிரிப்பார்கள். நான் மூன்று மாதம் தேடினேன். ஆசிரியர் அறையில் எனக்குப் பெயரே "பீடிங் சேர்" என்று ஆகிவிட்டது.

முதலில் நான் செய்த பிழையைச் சொல்கிறேன். கல்முனையிலிருந்து இரவு பஸ் ஏறி விடியவே கொழும்பு போய், பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி இறங்கினேன். கையில் எந்த அளவும் இல்லை, இலக்கமும் இல்லை. "110க்கு டோர் பீடிங் இருக்கா?" என்று மட்டும் கேட்டேன். அடி கணக்கில் வெட்டிக் கொடுக்கும் ரோல் பீடிங்கைக் காட்டினார்கள், எல்லா வாகனத்துக்கும் சரிவரும் என்றார்கள். வாங்கிவந்து பூட்டினேன். கதவு சாத்தவே முடியவில்லை. தோளால் இடித்துச் சாத்தினால் சாத்துப்படும், அடுத்த மழைக்கு அதே இடத்தில் அதே தண்ணீர்.

அதன் பிறகுதான் ஒரு டின்கரிங் பாஸ் கதவின் உள்தட்டைக் கழற்றிக் காட்டினார். கதவுக் கண்ணாடிக்கு வெளியே, கீழ் விளிம்போடு ஓடும் ரப்பரைத் தாண்டிக் கொஞ்சம் தண்ணீர் கதவுக்குள்ளே இறங்கத்தான் செய்யும். கதவைச் செய்தவர்களுக்கும் அது தெரியும். அதனால்தான் கதவின் அடியில் சின்னச் சின்ன ஓட்டைகள் வைத்திருக்கிறார்கள். உள்தட்டுக்குப் பின்னால் ஒரு பொலித்தீன் தாள் ஒட்டியிருக்கும், அது தண்ணீரை உள்ளே வரவிடாமல் கீழே அனுப்பும். என்னுடைய காரில் யாரோ ஸ்பீக்கர் பூட்டும்போது அந்தத் தாளைக் கிழித்து எறிந்துவிட்டார்கள். அடி ஓட்டைகளும் மண்ணும் பெயின்டும் அடைத்துக் கிடந்தன. ஒரு ஈர்க்கில் போதும், ஓட்டை திறந்துவிட்டது. தடித்த பொலித்தீனை அளவுக்கு வெட்டி பியூட்டைல் டேப்பால் ஒட்டியதும் பாதி ஈரம் நின்றது. நான் கொழும்புக்குக் கொட்டிய காசு அந்தப் பாதிக்கு அநியாயம்.

ஆகவே கடைக்கு ஓடமுன் வீட்டிலே பாருங்கள். என்னிடம் சோக்குக்குக் குறைவில்லை. ரப்பர் முழுக்கச் சோக்குத் தூள் பூசிக் கதவைச் சாத்தித் திறந்தேன். பொடியில் கோடு விழுந்த இடத்தில் ரப்பர் பிடிக்கிறது, விழாத இடத்தில் பிடிக்கவில்லை. ஒரு ரூபா நோட்டை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்தும் பார்க்கலாம், இலகுவாக வழுக்கி வந்தால் அந்த இடம் செத்துவிட்டது. பிறகு ஒருவர் உள்ளே டோர்ச்சோடு இருக்க, மற்றவர் குழாயைக் கீழிருந்து மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோக வேண்டும். எடுத்த எடுப்பிலே கூரையில் தண்ணீர் அடித்தால் எங்கே ஒழுகுகிறது என்று ஒருநாளும் தெரியாது. மழையே இல்லாத நாளில் ஈரமென்றால் ஏசித் தண்ணீர் போகும் குழாய் அடைத்திருக்கலாம், ரப்பரைக் குற்றம் சொல்லாதீர்கள்.

இவ்வளவும் பார்த்த பின்னும் ரப்பர்தான் காரணம் என்றால் இலக்கத்தோடு போங்கள். டொயோட்டா பாகத்து இலக்கத்தில் முதல் ஐந்து எண் அது என்ன பாகம் என்பதைச் சொல்லும், அடுத்த ஐந்து எந்த மொடல் என்பதை. 67861 என்று தொடங்கினால் வலது முன்கதவு ரப்பர், 67862 இடது. 64461 டிக்கி ரப்பர். கண்ணாடிக்கு வெளியே கீழ் விளிம்பில் வரும் பீடிங் 75710, இடது பக்கம் 75720. இந்த இலக்கமும் சேசி இலக்கமும் கையில் இருந்தால் கடைக்காரர் பேசும் விதமே மாறும். இரண்டாவது தடவை போனபோது எனக்கு அது விளங்கியது. ஒரு நானா ஏணியில் ஏறி, தூசு படிந்த கட்டொன்றை இறக்கித் தந்தார்.

பழைய ரப்பரும் நல்லதுதான், வெயில் படாத காரிலிருந்து வந்திருந்தால். ஆனால் கார் உடைக்கும் இடங்களில் கதவைக் கவனமாகக் கழற்றுவார்கள், ரப்பரைக் கத்தியால் கிழித்து எறிவார்கள். அந்தத் தொழில் செய்யும் எங்கள் ஊர்ச் சகோதரர்களிடம் ஒரு வேண்டுகோள்: கையால் உருவியெடுங்கள். மடிக்காமல் வட்டமாகச் சுருட்டித் தொங்கவிடுங்கள், மடித்த இடம் பிறகு நிமிராது. காசு கொடுத்து வாங்க ஆளிருக்கிறது. தனியார் வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நின்று 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. திறந்தபின் வரியோடு வந்த விலையைப் பார்த்தால், எங்களைப் போன்ற சம்பளக்காரர் இருக்கும் காரையே இன்னும் பத்து வருசம் ஓட்டத்தான் வேண்டும். இது பொழுதுபோக்கில்லை.

புது ரப்பர் போட்டவர்கள் தயவுசெய்து பெற்றோலாலோ மண்ணெண்ணெயாலோ துடைக்காதீர்கள், கிரீஸும் பூசாதீர்கள். அந்த ரப்பர் வகை ஊதிக் கெட்டுப்போகும். சவர்க்காரத் தண்ணீர் போதும், பிறகு கொஞ்சம் சிலிக்கன்.

இப்போது எழுத வந்த விசயத்துக்கு வருகிறேன். போன வாரம் ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது ஒரு புரோக்கர் மறித்தார். என் காருக்கு வெளியூர் ஆளொருவர் இருக்கிறாராம், நல்ல விலையாம். "தளத்தில் கறள் இருக்கு, பின்கண்ணாடி ஓரத்தில் இன்னும் லேசாக ஒழுகுது" என்றேன். "அதெல்லாம் ஏன் சேர் சொல்லப் போறீங்க, புதுக் கார்பெட் ஒன்று போடுங்க" என்றார். அவர் கெட்ட மனிசன் அல்ல. ஐந்து வேளையும் பள்ளியில் காண்கிற ஆள். எங்களுக்குள் இது பாவமாகவே தெரியாமல் போய்விட்டது, அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்தில் படித்த அந்தத் தானியக் குவியல் சம்பவம் நம் எல்லோருக்கும் தெரியும். சந்தையில் நபி (ஸல்) அவர்கள் குவியலுக்குள் கையை விட்டார்கள், விரலில் ஈரம் பட்டது. மழை நனைத்துவிட்டது என்றார் வியாபாரி. ஆட்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். தரம் ஆறு பிள்ளைகளுக்கு இதை நான் எத்தனை தடவை சொல்லிக் கொடுத்திருப்பேன்! மழையை யாரும் குற்றம் சொல்லவில்லை அங்கே. ஈரத்தைக் கீழே வைத்ததுதான் கேள்வி. என் கார்பெட்டை நான் கிளப்பியபோது என் விரலிலும் அதே ஈரம்தான் பட்டது.

பொய் சொல்லாமல் ஒன்றைச் சொல்கிறேன்: புரோக்கர் சொன்ன விலையைக் கேட்டதும் எனக்கும் ஒரு நிமிசம் ஆசை வந்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை, மகளின் பழைய பையைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். அடியில் பூஞ்சணம் பிடித்த கறை இன்னும் போகவில்லை.

கார் இப்போதைக்கு விற்பனைக்கு இல்லை. விற்கும் நாளில் கார்பெட்டைக் கிளப்பி வைத்துத்தான் விற்பேன், இன்ஷா அல்லாஹ். கொரோலா 110க்குப் பின்கண்ணாடி ரப்பர் யாரிடமாவது கிழியாமல் இருந்தால் இன்பொக்ஸில் படம் போடுங்கள். பாடசாலை விட்டு இரண்டு மணிக்குப் பிறகு நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.