வாலில் பட்டை இல்லாமல் மீனை இறக்காதீர்கள்

"ஒரு மீனை எழுதாம விட்டா என்னண்ணே ஆயிடப் போகுது? கடலா வத்திடும்?"

மேரிலாந்து மாநிலத்தின் ஓஷன் சிட்டி துறைமுகத்தில், கோடையில் தூண்டிலோடு படகேறும் நம் ஊர்ப் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. வாரம் முழுக்கக் கணினிமுன் உட்கார்ந்துவிட்டு, சனிக்கிழமை விடியுமுன் கடலுக்குப் போய்ச் சூரை பிடித்து வருகிறவர்கள். பிடிப்பதை விற்பதில்லை, பொழுதுபோக்கு உரிமத்தில் பிடித்த மீனை விற்கவும் கூடாது. குழம்பு வைப்பார்கள், நண்பர் வீடுகளுக்குக் கொடுப்பார்கள், படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போடுவார்கள். இதற்குமா அரசாங்கத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பது அவர்கள் வாதம். காட்டித்தான் ஆக வேண்டும் என்பது என் கட்சி.

இது நம் ஊர்க் கரையில் விற்கும் எலிச்சூரை அல்ல. 'புளூஃபின்' எனப்படும் பெருஞ்சூரை. ஆள் உயரத்தைத் தாண்டி வளரும்; அட்லாண்டிக்கைக் குறுக்கே நீந்திக் கடக்கும். எந்த நாட்டின் எல்லைக்குள்ளும் அடங்காத மீன் என்பதால், அதைக் காக்க 1966-ல் ரியோ டி ஜெனீரோவில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்வழி உருவான 'இக்காட்' ஆணையம் மாட்ரிட்டில் இருந்து இயங்குகிறது. அளவுமீறிப் பிடித்ததில் மேற்கு அட்லாண்டிக்கில் இந்த இனம் மெலிந்துபோய், 1998-ல் இருபது ஆண்டு மீட்புத் திட்டமே போட வேண்டி வந்தது. ஒவ்வொரு நாட்டுக்கும் ஆண்டுக்கு இத்தனை டன் என்று ஒதுக்கீடு உண்டு. அமெரிக்காவின் பங்கில், பொழுதுபோக்குத் தூண்டில்காரர்கள் பிடிப்பதும் சேர்த்தே எண்ணப்படுகிறது. ஆக, நீங்கள் எழுதாமல் விடும் மீன் பொதுச்சொத்தில் விழும் துண்டு.

விதிகள் ஒன்றும் புரியாதவை அல்ல. படகுக்கு உரிமம் வேண்டும். 27 அங்குலத்துக்குக் குறைந்த மீனைத் தொடக்கூடாது. 73 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள பெரிய மீன், ஒரு படகுக்கு ஆண்டுக்கு ஒன்றுதான். முட்டையிடும் இடம் என்பதால் மெக்சிகோ வளைகுடாவில் இந்த மீனைத் தேடிப் பிடிக்கவே தடை. கரைக்குக் கொண்டுவந்த மீனையும், விடும்போதே செத்துப்போன மீனையும் 24 மணி நேரத்துக்குள் இணையத்திலோ செல்பேசியிலோ பதிய வேண்டும்.

சிக்கல் இந்தக் கடைசி விதியில்தான். பதிந்தாரா இல்லையா என்று பார்க்கக் கரையில் ஆள் இல்லை. பக்கத்து மாநிலத் துறைமுகம் ஒன்றில் பார்த்திருக்கிறேன்: படகிலிருந்து ஐஸ் பெட்டிக்கு, ஐஸ் பெட்டியிலிருந்து வண்டிக்கு, வண்டியிலிருந்து நெடுஞ்சாலைக்கு. பத்து நிமிடத்தில் மீன் மாயம். இந்தப் பதிவை மட்டும் நம்பி இருக்க முடியாது என்பது மீன்வளத் துறைக்கும் தெரியும். அதனால்தான் மெய்ன் முதல் வர்ஜீனியா வரை, ஜூன் தொடங்கி அக்டோபர் வரை, துறைகளில் ஆள் நிறுத்தி விசாரித்தும் படகுக்காரர்களைத் தொலைபேசியில் கேட்டும் மொத்தப் பிடிப்பைக் கணிக்கிறார்கள்.

மேரிலாந்திலும் வட கரோலினாவிலும் கதை வேறு. 1990-களின் இறுதியிலிருந்து இங்கே பிடிப்பு அட்டை முறை நடக்கிறது. மீன் படகிலேயே கிடக்கும். ஒருவர் மட்டும் இறங்கி, துறையிலோ தூண்டில் கடையிலோ இருக்கும் பதிவு நிலையத்துக்குப் போய் அட்டையை நிரப்ப வேண்டும். நாடாவை மீனின் மேல்தாடை நுனியில் வைத்து, பக்கத்துடுப்புக்கு மேலாக, உடம்பின் வளைவை ஒட்டியே வால் பிளவு வரை கொண்டுபோய் அளந்த நீளத்தை அதில் எழுத வேண்டும். நாடாவை நேராக இழுத்துப் பிடித்தால் ஓரிரு அங்குலம் குறையும். அளவு வகையே மாறிவிடும். அட்டையைக் கொடுத்தால் ஒரு பட்டை தருவார்கள். அதை வாலில் கட்டிய பிறகுதான் மீன் படகைவிட்டு இறங்கலாம். வண்டியில் கட்டி இழுத்துப் போகும் படகென்றால், நீரைவிட்டு ஏற்றும் முன்பே கட்டியாக வேண்டும். பட்டை இல்லாத வாலைப் பார்த்தால் பக்கத்துப் படகுக்காரரே கேட்டுவிடுவார். இங்கே கணிப்பு இல்லை, எண்ணிக்கை.

தூத்துக்குடியில் ஏலக்கூடத்தில் கணக்கெழுதியவரின் மகன் நான். ஏலம் முடிந்த கையோடு எழுதாத எடை, சாயங்காலம் யாருக்கும் ஞாபகம் இருக்காது என்பார் அப்பா. 'வீட்டுக்குப் போய்ப் பதிந்துகொள்கிறேன்' என்கிறவர்களுக்கும் அதேதான் பதில். மேரிலாந்து முறையைக் கிழக்குக் கரையின் மற்ற மாநிலங்களும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எழுதினால் ஒதுக்கீடு சீக்கிரம் தீர்ந்து சீசனை மூடிவிடுவார்களே என்பது அடுத்த வாதம். எழுதாவிட்டாலும் மூடுவார்கள். ஒளித்த மீனுக்கும் சேர்த்துத்தான் கணிப்பு வருகிறது. சில படகுகளிடம் கேட்டதைப் பெருக்கிப் போடும் கணக்கு, உள்ளதைவிடக் கூடவும் போகலாம், குறையவும் போகலாம். கூடிப்போனால் ஒரு நாளைக்கு இத்தனை மீன் என்ற வரம்பைக் குறைப்பார்கள், பாதியில் கதவடைப்பார்கள். அப்போது "அவ்வளவு பிடிக்கவில்லையே" என்று வாதாட, எழுதாதவர் கையில் என்ன சான்று இருக்கும்?

மீன்வளத் துறையின்மேலும் குறை உண்டு. ஒரே மீனைப் பற்றி இணையத்தில் ஒருமுறை, கரையில் ஒருமுறை, தொலைபேசியில் ஒருமுறை கேட்டால் யாருக்கும் எரிச்சல்தான் வரும். சீசன் நடுவே வரம்பை மாற்றிவிட்டு மின்னஞ்சல் அனுப்பினால், நடுக்கடலில் இருப்பவர் எப்படிப் பார்ப்பார்? இவற்றைத் திருத்துவது அவர்கள் கடமை. ஆனால் அவர்கள் திருந்தும்வரை நான் எழுத மாட்டேன் என்பது சாக்கு.

நம் ஊரில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாமல் கரையில் கிடக்கின்றன. மீன் பெருக வேண்டும் என்பதற்காகப் பிழைப்பையே இரண்டு மாதம் நிறுத்துகிறார்கள். பொழுதுபோக்குக்குப் பிடிக்கிற நமக்கு ஓர் அட்டையை நிரப்ப ஐந்து நிமிடம் பாரமா?

இங்கே தூண்டில் போடும் தமிழர்களுக்கு ஒரு வார்த்தை. வாடகைப் படகில் போனால், பிடிப்பைப் பதிவது படகுக்காரர் பொறுப்பு என்று ஒதுங்காதீர்கள். மேரிலாந்திலும் வட கரோலினாவிலும் வாலில் பட்டை ஏறியதா என்று பாருங்கள். மற்ற மாநிலங்களில், பதிந்ததும் வரும் உறுதி எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அதன் பிறகு மீனை வெட்டுங்கள்.